பிரியதர்ஷனின் ‘ஒப்பம்’: சிரிப்புப் பட இயக்குநர் எடுத்த கொலைப் படம்

மலையாளத்தில் நகைச்சுவைப் படம் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் இயக்குநர்களில் பிரியதர்ஷன் ஒருவர். 1984இல் வந்த ‘பூச்சைக்கொரு மூக்குத்தி’ தொடங்கி ‘போயிங் போயிங்’, ‘சித்ரம்’, ‘கிலுக்கம்’, ‘தேன்மாவின் கொம்பத்து’ என்று நீளும் வரிசை அது. இந்தியில் ‘ஹேரா பேரி’யும் சேர்த்தால் இரண்டு தலைமுறைகளைச் சிரிக்க வைத்தவர் என்று சொல்லலாம். ‘காலாபானி’, ‘காஞ்சிவரம்’ போன்ற கனமான படங்களும் அவருடையவைதான். ஆனால் திகில், மர்மம் என்று அவர் போகும்போதெல்லாம் கால் இடறுகிறது. 2012இல் வந்த இந்திப் படம் ‘தேஸ்’, 2013இல் வந்த ‘கீதாஞ்சலி’ இரண்டுமே அப்படித்தான். அதற்குப் பிறகு 2016 செப்டம்பர் 8 அன்று, ஓணத்தையொட்டி, மோகன்லால் நடிப்பில் ‘ஒப்பம்’ வெளியானது. பெரும் வசூல் பெற்ற படம். பாதி நல்ல படம் என்பது என் கருத்து.

ஒப்பம் என்றால் உடன், கூடவே என்று பொருள். கொச்சியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை பார்க்கும் பார்வையற்றவர் ஜெயராமன் (மோகன்லால்). அங்கே வசிக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி கிருஷ்ணமூர்த்திக்கு (நெடுமுடி வேணு) அவர்தான் நம்பிக்கையான துணை. நீதிபதி ஒரு ரகசியத்தைச் சொல்கிறார். தான் முன்பு தண்டித்த வாசு (சமுத்திரக்கனி) என்பவன் குற்றமற்றவன்; அவன் சிறையிலிருந்தபோது அவன் குடும்பம் அழிந்துவிட்டது; வெளியே வந்தவன் தன்னைச் சிறைக்கு அனுப்பியவர்களின் குடும்பங்களை ஒவ்வொன்றாகக் கொன்று வருகிறான். நீதிபதியின் பெண் குழந்தை நந்தினி ஓர் இடத்தில் மறைவாக வளர்கிறாள். குடியிருப்பில் ஒரு கல்யாணக் கொண்டாட்டம் நடக்கும் நேரத்தில் நீதிபதி கொல்லப்படுகிறார். போலீஸ் ஜெயராமன்மேல் சந்தேகப்படுகிறது. கொலையாளி அடுத்துக் குழந்தையைத் தேடுகிறான்.

கொலையாளி யார் என்பதைப் படம் நம்மிடம் மறைப்பதில்லை. இது நல்ல முடிவு. யார் என்ற கேள்வியை விட்டுவிட்டு எப்போது, எப்படி என்ற கேள்விக்கு வந்துவிடுகிறது கதை. பிணம் கிடக்கும் அறையில் கொலையாளி இன்னும் நிற்கிறான் என்பதை ஜெயராமன் உணரும் இடமும், வாசு சத்தமில்லாமல் அவரைப் பின்தொடரும் இடங்களும் நன்றாக வந்திருக்கின்றன. நமக்கு அவன் தெரிகிறான். அவருக்குத் தெரிவதில்லை. வாசு வாய் திறக்காமல் நிற்பதே போதும், உள்ளங்கை வேர்க்கிறது.

இது பிரியதர்ஷனுக்குப் புதிய வித்தை அல்ல. ‘கிலுக்கம்’ படத்தில் இன்னசென்ட்டுக்கு லாட்டரி விழுந்துவிட்டதாக ரேவதி நம்பவைக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். விழவில்லை என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்த நினைப்பில் அவர் முதலாளியிடம் போய் வாய்க்கு வந்தபடி பேசும்போது நமக்குச் சிரிப்பும் பதற்றமும் ஒன்றாக வருகின்றன. ஒருவருக்குத் தெரிந்து இன்னொருவருக்குத் தெரியாமல் போவதை வைத்துக் காட்சி கட்டுவதில் அவருக்கு முப்பது வருடப் பழக்கம். (அந்தப் படத்திலும் முதலாளி ஓய்வுபெற்ற நீதிபதிதான், அவரைத் தேடி வரும் மகளின் பெயரும் நந்தினிதான். தற்செயலாக இருக்க முடியாது.) ‘ஒப்பம்’ நன்றாக இருக்கும் இடங்கள் எல்லாமே அவர் தன் பழைய நகைச்சுவைக் கருவியைச் சிரிப்பை மட்டும் எடுத்துவிட்டுப் பயன்படுத்திய இடங்கள்.

கெட்டுப்போகும் இடங்களும் அதே பழக்கத்தால்தான். அவருடைய சிரிப்புப் படங்களுக்குக் கூட்டம் வேண்டும். வாட்ச்மேன், வேலைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், உறவினர் என்று ஆட்கள் சேரச் சேரக் குழப்பம் பெருகும், கடைசியில் எல்லாரும் ஓரிடத்தில் வந்து முட்டிக்கொள்வார்கள். மர்மக் கதைக்கு இது நேர் எதிர். ஆட்கள் குறையக் குறையத்தான் பயம் ஏறும். ‘ஒப்பம்’ முதல் பாதியில் மாமுக்கோயாவின் கேலி வருகிறது, கல்யாணப் பாட்டு வருகிறது, ஊரிலுள்ள சொந்தங்களின் பணப் பேச்சும் தங்கை கல்யாணமும் வருகின்றன. மாமுக்கோயா எப்போதும் போலச் சிரிக்க வைக்கிறார். குறை அவரிடம் இல்லை. ஆனால் ஒவ்வொரு சிரிப்புக்குப் பிறகும் பயத்தை மறுபடி முதலிலிருந்து மூட்ட வேண்டியிருக்கிறது.

இன்னொரு குறை கதாநாயகனின் திறமை. ஜெயராமனுக்கு வாசனை தெரியும், காலடி தெரியும், களரியும் தெரியும். மோகன்லால் பார்வையின்மையை மிகையில்லாமல் நடித்திருக்கிறார். கண்ணை எங்கும் நிலைநிறுத்தாமல் கழுத்தையும் காதையும் வைத்தே ஆளைக் கவனிக்கிறார். ஆனால் அவர் இத்தனை பேரை அடித்து வீழ்த்த முடியும் என்று தெரிந்த பிறகு நாம் எதற்குப் பயப்பட வேண்டும்? 1967இல் வந்த ‘வெயிட் அன்டில் டார்க்’ படத்தில் பார்வையற்ற ஆட்ரி ஹெப்பர்னுக்குத் தன் வீட்டின் இருட்டைத் தவிர வேறு ஆயுதம் இல்லை. அந்த இல்லாமைதான் அந்தப் படத்தைத் தாங்குகிறது.

என்னை அதிகம் உறுத்தியது வேறு. வாசு செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெற்றவன். ஜெயராமனும் செய்யாத கொலைக்காகப் போலீசிடம் அடி வாங்குகிறார். ஒரே அநியாயம் இரண்டு பேருக்கு நடக்கிறது, ஒருவன் கொலைகாரனாகிறான், இன்னொருவர் ஒரு குழந்தையைக் காக்கப் புறப்படுகிறார். இதைவிடப் பெரிய கரு ஒரு மர்மப் படத்துக்குக் கிடைக்காது. படம் அதைக் கையில் வைத்துக்கொண்டே கவனிக்காமல் போகிறது. தவறான தீர்ப்பு எழுதிய நீதிபதி அன்பான பெரியவராகவே சாகிறார். அவருடைய குற்ற உணர்வு வாசுவைப் பற்றிய பயமாக மட்டுமே வெளிப்படுகிறது. வாசு நுழையும் காட்சிகளில் இசை அவனைப் பேயாக்கிவிடுகிறது. போலீஸ் அடிக்கும் காட்சிகள்கூட நாயகன் பின்னால் எழுந்து திருப்பி அடிப்பதற்கான முன்பணம்போல இருக்கின்றன. அதே 2016 பிப்ரவரியில்தான் வெற்றிமாறனின் ‘விசாரணை’ தியேட்டருக்கு வந்தது. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிப்பதை அந்தப் படம் காட்டிய விதத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சிகள் பொம்மை விளையாட்டாகத் தோன்றும். ‘விசாரணை’க்காகத் தேசிய விருது பெற்றவரும் சமுத்திரக்கனிதான். இங்கே அவருக்குக் கிடைத்த வசனங்கள் கொஞ்சம், இருந்தும் அந்த முகத்தில் ஒரு நொந்த மனிதன் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறான். திரைக்கதை அவனை உள்ளே அனுப்பிவிடுகிறது.

பிரியதர்ஷனால் இதைவிடக் கட்டுப்பாடாக எடுக்க முடியாது என்றும் சொல்ல முடியாது. 2000இல் தமிழில் ‘சிநேகிதியே’ எடுத்தார். ‘பிந்தாஸ்த்’ என்ற மராத்திப் படத்தின் தழுவல். ஏறக்குறைய பெண்கள் மட்டுமே நடித்த மர்மக் கதை. ஜோதிகா, ஷர்பானி முகர்ஜி, போலீஸ் அதிகாரியாகத் தபு. அங்கே தோழிகள் விளையாட்டாகச் செய்யும் ஒரு குறும்புதான் கொலை விவகாரமாக மாறுகிறது. அதனால் முதலில் வரும் சிரிப்பு வீணாவதில்லை, பின்னால் வரும் பயத்துக்கு அதுவே காரணமாகிறது. ‘ஒப்ப’த்தில் மாமுக்கோயாவின் கேலியை வெட்டி எறிந்தாலும் கொலையில் ஒன்றும் மாறாது.

2019இல் இந்தப் படம் சிவராஜ்குமார் நடிக்கக் ‘கவச’ என்று கன்னடத்துக்குப் போனது. மலையாள மூலத்தைப் பார்க்க நினைப்பவர்கள் முதல் அரை மணி நேரத்துக்குப் பொறுமை காக்க வேண்டும். மோகன்லாலும் அந்தக் குழந்தையும் சேர்ந்து வரும் காட்சிகளும், வாசு பேசாமல் நிற்கும் காட்சிகளும் அதற்கு ஈடு செய்கின்றன.