குஷ்டரோகமா, தொழுநோயா? ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

திருமறையைத் தமிழில் பெயர்ப்போர் ஒரு நோயின் பெயரைத் தெரிந்தெடுக்கையில், அந்நோயைத் தம் உடலில் சுமந்து வாழ்வோரும் ஆலயத்தில் அமர்ந்து அதைக் கேட்பர் என்பது எளிதில் மறக்கப்படுகிறது. லேவியராகமம் 13, 14ஆம் அதிகாரங்களில் வரும் ‘சாராஅத்’ என்னும் எபிரெயச் சொல்லை நம் பழைய மொழிபெயர்ப்பு ‘குஷ்டரோகம்’ என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ‘தொழுநோய்’ என்கிறது. வடசொல் போய்த் தமிழ்ச் சொல் வந்தது, இழிவான சொல் போய் மதிப்பான சொல் வந்தது என்று நம்மிற் பலர் மகிழ்கிறோம். அம்மகிழ்ச்சி பொருந்துமா என்பதே இங்கு நம் ஆய்வு.

சாராஅத் என்பது 1873இல் நார்வே மருத்துவர் ஹேன்சன் கண்டறிந்த கிருமியால் வரும் நோய் அன்று. குறைந்த அளவு, அந்த நோய் மட்டும் அன்று. உறைந்த பனியைப் போன்ற வெண்மை ஹேன்சன் நோயின் அடையாளம் இல்லை. அந்நோயின் தலையாய அடையாளமாகிய உணர்ச்சியிழப்பைப் பற்றி லேவியராகமம் ஒரு சொல்லும் சொல்வதில்லை. மேலும் சாராஅத் ஆட்டுமயிர் ஆடையிலும் தோலிலும் வீட்டுச் சுவரிலும் தோன்றுகிறது. சுவருக்கு வந்தது பூசணமாயிருக்கலாமேயன்றித் தொழுநோயாயிருக்க இயலாது. எபிரெயச் சொல்லைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் எடுத்துக்கொண்ட ‘லெப்ரா’ என்னும் சொல்லும், செதில் உதிரும் தோல்நோய்களையே அக்கால மருத்துவ வழக்கில் குறித்தது.

இனி நம் தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். ஆயுர்வேத நூல்களில் குஷ்டம் என்பது ஒரு நோய் அன்று. பதினெட்டு வகைத் தோல்நோய்களுக்குப் பொதுப்பெயர். நம் தாய்மார் தோலில் வெண்புள்ளி படர்வதை இன்றும் ‘வெண்குஷ்டம்’ என்பது அப்பழைய வழக்கின் எச்சமே. அது தொற்றும் நோயும் அன்று, தொழுநோயும் அன்று. ஆகவே பழைய மொழிபெயர்ப்பாளர் எடுத்த சொல், அவர்கள் கருதினாலும் கருதாவிட்டாலும், சாராஅத்தைப் போலவே எல்லை விரிந்த சொல்லாக இருந்தது. ‘தொழுநோய்’ என்பதோ இன்று ஒரே ஒரு நோயைச் சுட்டும் மருத்துவப் பெயர். அரசு மருத்துவமனைச் சீட்டில் எழுதப்படும் அதே பெயரை லேவியராகமத்தில் எழுதிவிட்டோம். மதிப்பளிக்கப் புகுந்து, ஆசாரியனின் விரலை நேரே இந்த நோயாளியின்மேல் நீட்டிவிட்டோம் என்பதே நம் முறையீடு.

தமிழ்ச் சொல் என்பதாலேயே அது மாசற்ற சொல்லும் ஆகாது. விரல் அழுகும் தொழுநோயை, முற்பிறப்பில் நண்டின் காலை முறித்துத் தின்றதன் பயன் என்று நாலடியார் கூறுகிறது. திருவண்ணாமலையில் ஊழியம் செய்வோர்க்கு இன்னொரு கதையும் அறிமுகமானது. அருணகிரிநாதர் இளமையில் பொதுமகளிரை நாடித் திரிந்து, நோயுற்று, மனம் வெதும்பி அண்ணாமலையார் கோயிலின் வல்லாள மகாராஜா கோபுரத்திலிருந்து வீழ்ந்தபோது முருகன் தாங்கிக்கொண்டான் என்பது செவிவழிச் செய்தி. அந்நோய் தொழுநோய் என்றே பெரிதும் சொல்லப்படுகிறது. 1954இல் வந்த ‘இரத்தக் கண்ணீர்’ திரைப்படத்தில் எம். ஆர். ராதா நடித்த மோகனசுந்தரத்துக்கும் தவறிய வாழ்வின் கூலியாக அதே நோய்தான் வருகிறது. சமண நீதிநூலும், முருக பக்தரின் வரலாறும், பகுத்தறிவாளர் ஒருவரின் நடிப்பும், நம் பிரசங்க மேடையும் வேறெதில் ஒத்துப்போகுமோ அறியோம், இதில் ஒத்துப்போகின்றன.

நம் மேடைக்குத் துணையாக மிரியாம், கேயாசி, உசியா ஆகிய மூவரும் அழைக்கப்படுவர். நாகமான் அழைக்கப்படுவதோ அவன் குணமானதற்காக மட்டுமே. அவன் நோய்க்கு எப்பாவமும் காரணமாகக் கூறப்படவில்லை என்பதை நாம் சொல்வதில்லை. லேவியராகமம் 14இல் பலிகள் விதிக்கப்பட்டிருக்கின்றனவே என்பர். உண்மை. ஆயின் 12ஆம் அதிகாரத்தில் பிள்ளை பெற்ற தாய்க்கும் பாவநிவாரண பலி விதிக்கப்பட்டுள்ளது. மகப்பேற்றைப் பாவத்தின் கூலி என்று நம்மில் எவரும் பிரசங்கிப்பதில்லை.

மற்றொரு தவறான விளக்கம் அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுள்ளது. 2020இல் கொரோனாத் தொற்றின்போது, வாயை மூடு, பாளயத்துக்குப் புறம்பே தங்கு என்னும் லேவியராகமம் 13:45, 46 வசனங்கள் முகக்கவசத்துக்கும் தனிமைப்படுத்தலுக்கும் ஆதாரமாக எடுத்தாளப்பட்டன. கிருமியை மோசே அன்றே அறிந்திருந்தார் என்றும் கூறப்பட்டது. அதே அதிகாரத்தின் 12, 13ஆம் வசனங்களைப் படித்திருந்தால் இவ்விளக்கம் எழுந்திராது. நோய் தலை முதல் கால் வரை முழு உடலையும் மூடி வெண்மையாகிவிட்டால் அவன் சுத்தமுள்ளவன் என்கிறது சட்டம். மேலும் 14:36இன்படி, ஆசாரியன் வந்து பார்க்குமுன் வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்துவிட வேண்டும். அவன் தீர்ப்புச் சொன்ன பிறகே அவை தீட்டாகும். எந்தக் கிருமியும் ஆசாரியனின் தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை. இவ்வதிகாரங்களின் பொருள் தீட்டு, தொற்று அன்று. 1980களின் ஆங்கிலப் பெயர்ப்பொன்று ‘தொற்றும் தோல்நோய்’ என எழுதி, 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதனைத் ‘தீட்டுப்படுத்தும் தோல்நோய்’ என மாற்றிக்கொண்டதை நம் திருத்தக் குழுவினர் கவனிக்க வேண்டும்.

தீட்டையும் தொற்றையும் குழப்புவதால் யாருக்கு என்ன கேடு என்று கேட்கலாம். 2001இல் இந்திய விவாகரத்துச் சட்டம் திருத்தப்பட்டபோது, கிறிஸ்தவத் தம்பதியர் பிரிவதற்குரிய காரணங்களில் ஒன்றாகக் குணப்படுத்த முடியாத கடுந்தொழுநோய் சேர்க்கப்பட்டது. பன்மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1981இல். நோய் குணமாகத் தொடங்கி இருபது ஆண்டுகள் சென்றபின், குணமாகாதது என்னும் பெயரில் அது நம் மணவாழ்வுச் சட்டத்துள் நுழைந்தது, 2019இல்தான் நீக்கப்பட்டது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் நம் சபைகளின் கண்டனக் குரல் எவ்வளவு கேட்டது என்பதை வாசகர் தாமே எண்ணிப்பார்க்கட்டும்.

கிருமி மடிந்தாலும் நோயோடு வாழும் வாழ்வு முடிவதில்லை. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் தம் அறுவை மருத்துவப் பணியில் கண்டறிந்து உணர்த்தியது இதுவே: விரல்களும் பாதங்களும் சிதைவது பெரும்பாலும் கிருமி சதையைத் தின்பதால் அன்று, நரம்பு மரத்து, வலி தெரியாமல், சூடும் முள்ளும் உராய்வும் செய்த காயங்களால். சிகிச்சை தொடங்கிய சில நாட்களில் அவரிடமிருந்து நோய் பிறருக்குப் பரவுவது நின்றுவிடுகிறது. இழந்த உணர்ச்சியோ பலருக்கு மீள்வதில்லை. ஒவ்வொரு மாலையும் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்து, காயம் உண்டா என்று தேடியாக வேண்டும். தெரியாத காயத்தில் நம் எல்லார் தோலிலும் தெருப் புழுதியிலும் உள்ள சாதாரணக் கிருமி புகுந்தால் எலும்புவரை செல்லும். அப்படியாயின் கிருமிக்கு அஞ்சவேண்டியவர் யார்? நற்கருணைக் கிண்ணத்தை அவருக்குப்பின் பருகத் தயங்கும் நாம் அல்லோம்.

மாற்கு 1:40 முதலான பகுதியை இவ்வெளிச்சத்தில் மறுபடி படிக்கவேண்டும். வந்தவன் கேட்டது சுத்தமாவது, பெற்றதும் அதுவே. ஆண்டவர் அவனைத் தொடுகிறார். பிறகு ஆசாரியனிடம் அனுப்புகிறார். அவன் ஊருக்குள் செல்கிறான். 45ஆம் வசனத்தில் வெளியே வனாந்தரமான இடங்களில் தங்குபவரோ இயேசு. இருவரும் இடம் மாறிக்கொண்டதை மாற்கு சொல்லாமற் சொல்கிறார். இதைத் ‘தொழுநோயாளர் நலமடைந்தார்’ என்று ஒரு மருத்துவச் செய்தியாகச் சுருக்கிவிட்டால் அப்பொருள் மறைந்துபோகிறது. லேவியராகமத்திலும் நற்செய்தி நூல்களிலும் ‘தீட்டாக்கும் தோல்நோய்’ என்று பெயர்த்து, அது இன்றைய தொழுநோய் அன்று என அடிக்குறிப்பும் தருவது நேர்மையான வழி என்பது நம் கருத்து. சொல் நீளும், நீளட்டும்.

சொல்லை மாற்றினாலும் வாசற்படி இருக்கிறது. திருவண்ணாமலையில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்தை மக்கள் வெறுங்காலோடு நடக்கின்றனர். நம் ஆலயங்கள் பலவற்றிலும் செருப்பை வெளியே விட்டே நுழைகிறோம். மரத்த பாதத்துக்கு எம்.சி.ஆர். என்னும் மென்ரப்பர் செருப்பு அணிகலன் அன்று, மருந்து. அதைக் கழற்றிவிட்டுச் சித்திரை வெயிலில் காய்ந்த கல்தளத்தைக் கடப்பவர் கொப்புளத்தோடு வீடு திரும்புவார்; மாலையில் பார்க்கும்வரை அவருக்கே தெரியாது. இன்று நீரிழிவால் கால் மரத்தோர் நம் சபைகளில் தொழுநோய் கண்டோரைவிட மிகப் பலர். அவர்களுடைய புண்ணும் அதே புண், செருப்பும் ஏறத்தாழ அதே செருப்பு. ஆயினும் அவர்களை எவரும் தீட்டு என்பதில்லை. இவ்விரு சாராரும் செருப்போடு உள்ளே வரலாம் என்று ஆராதனை அறிவிப்பில் சொல்ல எந்தப் போதகருக்கும் பேராயத்தின் அனுமதி தேவையில்லை. யாத்திராகமம் 3:5ஐக் காட்டி மறுக்கும் மூப்பர் இருப்பின், முட்செடியருகே நின்ற மோசேக்குத் தரையின் சூடு தெரிந்திருந்தது என்று அவருக்கு எடுத்துச் சொல்லலாம்.