எட்டு ஆண்டுக் கெடு

வயிற்றுவழி டயாலிசிஸில் வடிகட்டியாக வேலை செய்வது உயிருள்ள ஒரு சவ்வு. வயிற்றுக்குள் விடும் டயாலிசிஸ் திரவத்திலுள்ள குளுக்கோஸ், கிருமிநீக்கச் சூட்டில் அது சிதைந்து உண்டாகும் பொருள்கள், அவ்வப்போது வரும் தொற்று எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் அந்தச் சவ்வைத் தடிக்க வைக்கின்றன. மிகச் சிலருக்குத் தழும்புத் திசு குடலைக் கூடுபோலச் சுற்றி இறுக்கிவிடுகிறது. வாந்தி, குடலடைப்பு, உடல் மெலிவு, பலர் பிழைப்பதில்லை.

இதற்கு அஞ்சி ஜப்பானிய மருத்துவர்கள் பலர் எட்டு ஆண்டை ஒட்டி இம்முறையை நிறுத்திவிடப் பார்க்கிறார்கள். அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. கவானிஷி குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து ஆண்டுக்காரர்களில் 0.7 சதவீதத்தினருக்கு இந்நோய் வந்திருந்தது; எட்டு ஆண்டுக்காரர்களில் 2.1, பதினைந்தைத் தாண்டியவர்களில் 17.2.

ஆனால் பதினைந்து ஆண்டைத் தாண்டுபவர்கள் சொற்பம். அந்தக் கடைசி எண்ணைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. என்னை உறுத்துவது வேறு. இந்நோய் பலருக்கு வெளிப்படுவதே வயிற்றுவழி டயாலிசிஸை நிறுத்திய பிறகுதான்: ரத்த டயாலிசிஸுக்கு மாறியபின், அல்லது மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியபின். அழற்சிப் புரதங்களைத் தினமும் அலசி வெளியேற்றிய திரவம் நின்றுபோவது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் காப்பதற்காக வைத்த கெடுவே சிலரை விளிம்பில் தள்ளக்கூடும். எழுபத்தைந்து வயது இதயநோயாளியை இந்தக் கெடுவுக்காக ரத்த டயாலிசிஸுக்கு மாற்றி வாரம் மூன்று முறை மருத்துவமனைக்கு அலைக்கழிப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. முப்பது வயதுக்காரர் கதை வேறு. அவர்முன் நீண்ட காலம் இருக்கிறது. பன்னாட்டு வயிற்றுவழி டயாலிசிஸ் சங்கமும் 2009இல் எல்லாருக்கும் பொதுவான கால வரம்பு வைக்கவில்லை.

கெடுவை விட்டால் கையில் இருப்பது என்ன? நீர் இறங்குவது குறைகிறதா, சவ்வு குளுக்கோஸை வேகமாக உறிஞ்சுகிறதா என்று சோதிக்கலாம். அவை எச்சரிக்கும், உறுதியாகச் சொல்லா. சிடி ஸ்கேனோ அறிகுறி இல்லாதவரிடம் நோயை முன்கூட்டிக் காட்டிக்கொடுப்பதில்லை. இந்த இடைவெளியில்தான் எட்டு ஆண்டுக் கணக்கு பிழைத்திருக்கிறது. கெடு முடியும் நாளில் நோயாளியை உட்காரவைத்துப் பேச ஒரு சாக்காக அது உதவும் என்பதை மறுக்க மாட்டேன்.

இதற்கிடையே திரவமே மாறிவிட்டது. ஜப்பானில் நடுநிலை அமிலத்தன்மையும் குறைந்த சிதைபொருளும் கொண்ட திரவம் பரவியபின் நோய் குறைந்திருக்கிறது. கெடு மட்டும் பழைய திரவத்தின் காலத்துக் கணக்கிலேயே நிற்கிறது.