எந்த நாட்டுச் சாமான்?

"சிலோன்ல எல்லாம் டூப்ளிகேட்தானே சார், இங்கயே ரெண்டா வாங்கிட்டுப் போயிடுங்க." சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைத் தம்பி இப்படிச் சொன்னபோது யாழ்ப்பாணத்தவனான நான் ஒன்றும் பேசவில்லை. ரொறன்ரோவிலிருந்து பெரியப்பா ஒருவர் என் அக்காவின் மகனுக்கு அனுப்பிய நின்டெண்டோ 3டிஎஸ் விளையாட்டுக் கருவிக்கு அடப்டர் தேடித்தான் அங்கே போயிருந்தேன். அன்று விழுங்கிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் மின்சார நிலைய வீதிப் பக்கம் ஒரு கடைக்கு இதே கருவியைக் கொண்டுபோனால், கடைக்கார ஐயா கருவியைக் கையில் வாங்க முன்னமே ஒரு கேள்வி கேட்பார்: "இது எங்கேயிருந்து வந்தது தம்பி, கனடாவோ லண்டனோ?" வேற்றூர்க்காரருக்கு அது வெறும் குடும்ப விசாரிப்பாகத் தோன்றலாம். உண்மையில் அடப்டர் தேர்வில் அதைவிட முக்கியமான கேள்வி இல்லை. லண்டனிலிருந்து வந்தது 230 வோல்ற்றுக்கு உரியது. அதன் சதுர முனைப் பிளக்கும் எங்கள் சுவரில் அப்படியே பொருந்தும். கனடாவில் மின்சாரம் 120 வோல்ற். அங்கே விற்கும் 3டிஎஸ் அடப்டரின் முதுகில் 120 வோல்ற் என்று மட்டுமே அச்சிட்டிருக்கும். அதற்குள் வரும் மின்சாரம் நேரோட்டமாகித் தேங்கும் இடத்தில் ஏறத்தாழ 170 வோல்ற் நிற்கும்; அதைத் தாங்கும் அளவில்தான் கொள்ளளவியைப் (கப்பாசிற்றர்) போட்டிருப்பார்கள். எங்கள் 230ஐக் கொடுத்தால் அதே இடத்தில் 325 வோல்ற் ஏறும். கொள்ளளவி வெடித்து, வீடெல்லாம் கருகல் மணம் பரவும். கனடாவில் உறவு இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் அரிது. இந்த மணத்தை அறியாத தெருவும் அரிது.

சென்னைத் தம்பி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆனால் அவருடைய கை வேகத்தை மெச்சத்தான் வேண்டும். கருவியின் துளையைப் பார்த்த மறுகணம், டிஎஸ்ஐ, 3டிஎஸ், 2டிஎஸ் மூன்றுக்கும் ஒரே முனை என்று சொல்லி உரிய பெட்டியை இழுத்துவிட்டார். அது சரியான தகவல். டிஎஸ் லைட்டின் முனை வேறு, பழைய டிஎஸ்ஸின் முனை வேறு என்பதும் அவருக்கு மனப்பாடம். நின்டெண்டோ நிறுவனத்துக்கு இந்தியாவில் சொந்தக் கிளை இல்லை, எங்களிடமும் இல்லை. ஆனாலும் அந்தச் சின்னத் தெருவில் கிடைத்த வகைகள் கொழும்பு புறக்கோட்டையில் எனக்குக் கிடைத்ததில்லை. பெருஞ்சந்தைக்கு உரிய பலம் அது.

இந்தியாவில் இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. அங்கே விற்கும் அடப்டர் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவாகி, ஐஎஸ் என்று தொடங்கும் தர எண்ணையும் ஆர் என்று தொடங்கும் பதிவெண்ணையும் தாங்கியிருக்கவேண்டும். பதிவெண்ணை அமைவனத்தின் செயலியில் அடித்தால், தயாரித்தவர் யார் என்று தெரிந்துவிடும். எங்கள் கடைகளில் அப்படி எண் தேடிப் பார்க்கும் வழக்கம் வரவில்லை, வரவேண்டும். ஆனால் டூப்ளிகேட் என்று எங்களைச் சொன்ன அந்த மேசையில் எனக்கு நீட்டப்பட்ட அடப்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்த எண்ணும் அதில் இல்லை.

பேச்சிலும் எத்தனை வித்தியாசம்! நான் அம்பியர் என்றேன், அவர் ஆம்ப்ஸ் என்றார். நான் சொக்கற் என்றது அவருக்குப் புரியவில்லை. சுவிட்ச் போர்டைக் காட்டி விளக்கினேன். பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த ஆடலோட்டம் அவர்கள் புத்தகத்தில் மாறுதிசை மின்னோட்டம், எங்கள் இருவாயி அவர்களுக்கு டையோடு. இந்தச் சொற்களை நாங்கள் பரீட்சைக்காக மட்டும் படிக்கவில்லை. போர்க்காலத்தில், 1990இற்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோ கேட்பது நேரோட்டம். இடையில் இருவாயி இருக்கவேண்டும். எது நேர்முனை, எது எதிர்முனை, எத்தனை வோல்ற்றை எது தாங்கும் என்பது செய்தி கேட்க விரும்பிய சிறுவருக்கெல்லாம் தெரிந்திருந்தது. அந்தத் தலைமுறை இன்று கடைமேசைக்குப் பின்னால் நிற்கிறது. முனை பொருந்தினால் போதும் என்று அவர்கள் விற்கமாட்டார்கள். 1989இல் வந்த முதல் கேம் போய் 6 வோல்ற் கேட்கும், அதன் பிளக்கில் நடுமுனை எதிர். பிஎஸ்பி 5 வோல்ற், அதில் நடுமுனை நேர். இரண்டும் வட்ட முனைதான். முனையைப் பொருத்திப் பார்த்து மட்டும் வாங்கியவருக்குக் கருவி மிஞ்சாது.

சுவரைப் பொறுத்தவரை எனக்கு ஐயமே இல்லை. இலங்கை தனக்கென ஒரே தரமாக வரித்துக்கொண்ட 13 அம்பியர் சதுரச் சொக்கற்றில் மின் துளைகளை மூடிகள் மறைத்திருக்கும். நீளமான புவிமுனை உள்ளே போனால்தான் அவை திறக்கும். குழந்தை ஊசியைச் செருகமுடியாது. இந்தியாவின் வட்டத் துளைச் சொக்கற் 5 மில்லிமீற்றர் முனைக்கானது. ஐரோப்பிய வகை 4 மில்லிமீற்றர் முனையுள்ள அடப்டரும் அதில் போகும். போகும், ஆனால் ஆடும். ஆடினால் பொறி பறக்கும். அங்கே நான் தங்கிய வீட்டில் அடப்டருக்குக் கீழே மடித்த அட்டை முட்டுக்கொடுத்திருந்தது. இங்கேயும் சிலர் பேனாவால் புவித்துளையைக் குத்தி மூடியைத் திறந்து, வட்ட முனையைச் செருகுகிறார்கள். சொக்கற்றின் பாதுகாப்பை ஒரு பேனாவுக்கு விற்கும் காரியம் அது. விலை குறைந்த மாற்றுப் பிளக்குக்குப் பதிலாக ஒருபோதும் அதைச் செய்யாதீர்கள்.

புதிய கருவிகளில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிட்டது. 2017இல் வந்த நின்டெண்டோ சுவிட்ச்சின் அடப்டர் 100 முதல் 240 வோல்ற் வரை ஏற்கும்; முனை யூஎஸ்பி சி. கையில் வைத்து விளையாடும்போது நல்ல தொலைபேசி அடப்டரே அதற்கு மின்னேற்றிவிடும். தொலைக்காட்சித் தாங்கியில் வைத்தால் மட்டும் 15 வோல்ற், 2.6 அம்பியர் தரக்கூடியது வேண்டும். 3டிஎஸ் போன்ற பழையவைதான் இன்னும் கடை கடையாக அலைய வைக்கின்றன.

மருமகனுக்கு வேண்டியதை ஊர் திரும்பியபின் யாழ்ப்பாணத்திலேயே வாங்கினேன். கடைக்கார ஐயா அதன் முதுகை வாசித்துக் காட்டி, மீற்றரால் அளந்த பிறகுதான் காசு வாங்கினார். கனடாவில் இருக்கும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளுக்குக் கருவி அனுப்புங்கள், ஆனால் முதுகில் 120 வோல்ற் என்று மட்டும் எழுதிய அடப்டரைப் பெட்டியில் வைக்காதீர்கள். 4.6 வோல்ற், 900 மில்லிஅம்பியர் என்று சொன்னால் போதும், அதை நாங்கள் இங்கே வாங்கிக்கொள்வோம்.