அஞ்சும் வணிகன்: காணொளி விளையாட்டின் துணைப்பாத்திரமும் தமிழ் மரபின் வணிகப் படிமமும்

ஆய்வுச் சுருக்கம்

மாயப் புனைவு சார்ந்த சாகச விளையாட்டுகளில் நாயகனுடன் பயணம் செய்யும் வணிகன் பெரும்பாலும் அச்சமுடையவனாகவும் நகைப்புக்குரியவனாகவும் அமைக்கப்படுகிறான். ஜப்பானிய ‘டிராகன் குவெஸ்ட்’ வரிசையில் இடம்பெறும் டோர்னெகோ என்னும் பாத்திரத்தை இவ்வழக்கின் பின்னணியில் வைத்து, பெரியபுராணத்துப் பரமதத்தன், மணிமேகலையின் சாதுவன், ப. சிங்காரத்தின் வயிரமுத்துப் பிள்ளை ஆகிய வணிகப் பாத்திரங்களோடு இக்கட்டுரை ஒப்பிடுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் அச்சம், நகை, பெருமிதம் என்னும் கூறுகள் ஆய்வுக்கருவியாகக் கொள்ளப்படுகின்றன. வணிகனின் அச்சத்தைக் கோழைமை என்று மட்டும் வாசிப்பது போர்வீரனின் அளவுகோலால் வணிகனை அளப்பதாகும் என்பதே கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: வணிகன், அச்சம், மெய்ப்பாடு, பரமதத்தன், சாதுவன், டோர்னெகோ, காணொளி விளையாட்டு, செட்டிநாடு

முன்னுரை

காரைக்குடியை அடுத்த புதுவயல் அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். அதை ஒட்டிய கண்டனூரும் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களும் பர்மா, மலாயா, இலங்கை எனக் கடல்கடந்த நாடுகளில் ஈட்டிய பொருளால் உருப்பெற்றவை. ‘கொண்டுவிற்கப் போதல்’ என்பது இவ்வட்டாரத்தில் ஒரு தலைமுறையின் வாழ்க்கையையே குறித்த தொடர். இவ்வூர்களின் இளைஞர்கள் இன்று திரையில் சந்திக்கும் வணிகனோ வாளைக் கண்டால் பின்னால் ஒளிபவன். பொற்காசைக் கண்டால் முன்னால் வருபவன். இலக்கியம் பயிற்றுவிப்போர் இப்படிமத்தைப் பொருட்படுத்தாமல் விட இயலாது. வகுப்பில் பரமதத்தனைப் பற்றிப் பேசும்போது மாணவர் மனத்தில் முன்பே இருக்கும் வணிகன் இவனே.

அச்சம் நகையாகும் முறை

தொல்காப்பியர் அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார். இந்நான்கும் அஞ்சுபவனின் குணத்தைச் சுட்டாமல் அஞ்சப்படும் பொருளைச் சுட்டுகின்றன என்பது கருதத்தக்கது. எதற்கு அஞ்சுகிறான் என்பதே முதல் வினா. அவன் எத்தகையவன் என்பது அதன் பின்னரே எழும். நகைக்கு அவர் கூறும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பவற்றுள் பேதைமையும் மடனும் ஆளின் இயல்பைச் சார்ந்தவை.

சாகச விளையாட்டின் துணைப்பாத்திரம் இவ்விரு மெய்ப்பாடுகளுக்கும் இடையில் வைக்கப்படுகிறது. விலங்கும் கள்வரும் அவன்முன் தோன்றுகின்றனர். ஆயினும் அவனது அச்சம் அவர்களின் கொடுமையைக் காட்டப் பயன்படுவதில்லை; அவனது பேதைமையைக் காட்டவே பயன்படுகிறது. ஆகவே பார்ப்பவரிடம் எழுவது நகை. இதற்கு அமைப்பு சார்ந்த காரணமும் உண்டு. விளையாடுபவர் நாயகனின் இடத்தில் இருக்கிறார். நாயகன் அஞ்சினால் விளையாட்டு நின்றுவிடும். எனவே குழுவின் அச்சம் முழுவதும் ஒருவனிடம் ஒப்படைக்கப்படுகிறது. இழப்பதற்குப் பொருளும் திரும்பிச் செல்லக் கடையும் உடைய வணிகன் அதற்கு வாய்ப்பான ஆளாகிறான்.

டோர்னெகோ: ஒரே பாத்திரம், இரு வடிவங்கள்

1990இல் வெளிவந்த ‘டிராகன் குவெஸ்ட்’ நான்காம் பகுதியின் மூன்றாம் அத்தியாயம் முழுவதும் டோர்னெகோவுக்கு உரியது. மனைவியும் மகனும் உடைய பருத்த உடலினனான அவன், படைக்கலக் கடையொன்றில் கூலிக்கு நின்று, பின் தனக்கெனக் கடை வைக்கிறான். விளையாடுபவர் கடைமேடையின் பின்னால் நின்று வாங்கவும் விற்கவும் வேண்டும். செட்டிநாட்டு வழக்கில் சொன்னால் ‘பெட்டியடிப் பைய’னாகத் தொடங்கும் பயிற்சி இது. ஐந்தாம் அத்தியாயத்தில் அவன் நாயகனின் குழுவில் சேர்கிறான். அங்குப் போர்க்களத்தில் சில வேளை தடுக்கி விழுகிறான். சில வேளை இட்ட கட்டளையை விட்டு வேறொன்றைச் செய்கிறான். தன் அத்தியாயத்தில் தலைவனாக இருந்தவன் பிறர் கதையில் நகைப்பாத்திரமாகிறான். எனினும் அக்குழு கடல்கடக்கும் கப்பல் அவனுடையது என்பதை மறக்கலாகாது.

1993இல் அவனையே தலைவனாக்கி வெளிவந்த தனி விளையாட்டு இப்படிமத்தைத் திருப்பிப்போடுகிறது. மாயக் குகைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் அவன் ஆற்றல் தொடக்கநிலைக்குத் திரும்பிவிடும். உள்ளே வீழ்ந்தால் கையிலுள்ள பொருள் போய்விடும். உயிரோடு மீண்டால் கொணர்ந்த பொருளால் கடை வளரும். இன்னும் ஒரு தளம் இறங்குவதா, இருப்பதோடு திரும்புவதா என்பதே ஆட்டத்தின் முதன்மையான முடிவு. நாயகனின் விளையாட்டில் கோழைமையாகத் தெரிந்த பின்வாங்கல், வணிகனின் விளையாட்டில் திறமையாகிறது. அஞ்சத் தக்கதற்கு அஞ்சுவது அறிவுடையோர் செயல் என்று அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் வகுக்கும் கருத்து இங்கு விளையாட்டின் விதியாகவே அமைந்துள்ளது. பாத்திரம் மாறவில்லை, அளவுகோல் மாறியது.

பரமதத்தன்: அணங்குக்கு அஞ்சியவன்

தமிழில் அஞ்சி ஓடிய வணிகன் என்றால் முதலில் நினைவுக்கு வருபவன் காரைக்கால் அம்மையாரின் கணவன் பரமதத்தன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய வரலாற்றில், நாகப்பட்டினத்து நிதிபதியின் மகனாகிய அவன், காரைக்கால் தனதத்தனின் மகள் புனிதவதியை மணந்து அவ்வூரிலேயே வாணிகம் செய்கிறான். அவன் அனுப்பிய இரு மாங்கனிகளுள் ஒன்றைப் புனிதவதியார் அடியவர்க்குப் படைத்துவிட, இரண்டாவது கனி இறையருளால் கிடைக்கிறது. சுவையில் வேறுபாடு உணர்ந்த கணவன் உண்மையை வினவி, மீண்டும் ஒன்றைப் பெற்றுக் காட்டக் கேட்கிறான். வந்த கனி அவன் கையில் நில்லாமல் மறைகிறது. அவனைப் பிடித்த அச்சம் அதன்பின் விடவில்லை.

இவ்வச்சம் நான்கு களன்களுள் அணங்கின்பாற்பட்டது. இங்குப் பரமதத்தன் வணிகனுக்குரிய முறையிலேயே நடந்துகொள்கிறான்: சுவையை ஒப்பிடுகிறான், மூலத்தைக் கேட்கிறான், சொன்னதற்குச் சான்று வேண்டுகிறான். சான்று கிடைத்ததே அவன் அச்சத்துக்குக் காரணம். ஐயத்தால் நீங்கியவன் அல்லன். ஐயம் நீங்கியதால் நீங்கியவன். கடலுக்கும் புயலுக்கும் அவன் அஞ்சவில்லை. கப்பல் சமைத்துச் சரக்கேற்றிக் கடல்கடந்து பொருள் ஈட்டுகிறான். பின்னர்ப் பாண்டிநாட்டு நகரொன்றில் வேறு மணம் செய்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதியின் பெயரையே இடுகிறான். உறவினர் அம்மையாரை அவனிடம் அழைத்துவரும்போது மனைவி, மகளோடு வந்து அடிபணிகிறான். அம்மையாரின் தெய்வத்தன்மையை அவருடைய சுற்றத்தாருக்கு முன்னரே கண்டுகொண்டவன் அவனே.

இதனால் அவன் செயல் குற்றமற்றது என்றாகாது. அறிந்த உண்மையை யாரிடமும் கூறாமல், வாணிகத்தின் பெயரால் அவன் வெளியேறுகிறான். விடப்பட்ட மனைவி காரணம் அறியாமல் கணவனின் வரவை நோக்கியிருக்க நேர்கிறது. பெண்ணிய வாசிப்பு இங்கு எழுப்பும் கண்டனம் ஏற்கத்தக்கது. ஆனால் அக்கண்டனத்துக்குரியது அவனது மறைப்பேயன்றி அச்சம் அன்று. கோழை என்ற ஒற்றைச் சொல் இவ்விரண்டையும் குழப்பி, அவனது அறிவையும் பிழையையும் ஒருசேர மறைத்துவிடுகிறது.

சாதுவன்: கல்வியால் வந்த பெருமிதம்

மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதையில் வரும் சாதுவன், கணிகையாலும் சூதாலும் பொருளிழந்து கடலோடியவன். கலம் உடைய, மரத்துண்டைப் பற்றி நாகர் வாழும் மலையை அடைகிறான். தன்னை உண்ண வந்தோரிடம் அவர்கள் மொழியிலேயே பேசி உயிர் பிழைக்கிறான்; அவர்கள் தலைவனோடு கொலை, கள் பற்றி வாதிட்டு அறம் கூறுகிறான். மாயப் புனைவு விளையாட்டின் ஒரு கட்டத்துக்கு இதைவிட நெருக்கமான காட்சி தமிழ்க் காப்பியங்களில் அரிது. ஆனால் இக்காட்சியில் வாள் இல்லை.

பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என நான்கைத் தொல்காப்பியர் கூறுவது இங்குப் பொருந்துகிறது. தறுகண் அவற்றுள் ஒன்றே. சாதுவனின் பெருமிதம் வேற்றுமொழி அறிவாகிய கல்வியால் வந்தது. தறுகணை மட்டுமே வீரமாகக் கொள்ளும் விளையாட்டின் கணக்கில் இத்தகைய ஆளுக்கு மதிப்பெண் கிடையாது. தறுகணும் வணிகர்க்குப் புறம்பானதன்று. பெரும்பாணாற்றுப்படை காட்டும் வழிச்செல் வணிகர் படைக்கலம் ஏந்தியவர்கள். சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக் கல்வெட்டில் இடம்பெறும் வணிகக் குழுக்களின் மரபில், படைவீரரைத் தம்முடன் கொண்ட ஐந்நூற்றுவர் அமைப்பு புகழ்பெற்றது.

வயிரமுத்துப் பிள்ளை: எதிர்ப்பக்க வாசிப்பு

சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரியைச் சேர்ந்த ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ (1959) நாவலில் அளவுகோல்களின் மோதல் வெளிப்படையாக நிகழ்கிறது. இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து திரும்பிய செல்லையாவுக்குத் தம் மகள் மரகதத்தைத் தர, பினாங்கில் வட்டிக்கடை நடத்தும் வயிரமுத்துப் பிள்ளை மறுக்கிறார். துப்பாக்கி பிடித்தவன் பெட்டியடிக்கு ஆகான் என்பது அவர் கணிப்பு. செல்லையாவின் கண்ணால் பார்த்தால் இது பழமையின் அச்சம். போரில் மகனை இழந்த தந்தையின் கண்ணால் பார்த்தால் பட்டறிவு. விளையாட்டு செய்வதுபோல் நாவல் அவரை நகைப்புக்கு ஒப்புக்கொடுப்பதில்லை. அவர் முடிவால் இரு இளையோரின் வாழ்வு குலைவதை அது மறைப்பதும் இல்லை. அஞ்சுபவனுக்கும் ஒரு நியாயம் உண்டு, அந்நியாயத்துக்கு விலை கொடுப்போரும் உண்டு என்னும் இரட்டைப் பார்வையே இதன் வலிமை.

முடிவுரை

மேற்கண்ட பாத்திரங்கள் மூன்று உண்மைகளைப் புலப்படுத்துகின்றன. முதலாவது, வணிகனின் அச்சம் ஒருபடித்தானது அன்று. அணங்குக்கு அஞ்சுதலும் பொருளிழப்புக்கு அஞ்சுதலும் வெவ்வேறு. இரண்டாவது, அச்சம் நகையாவது பாத்திரத்தின் இயல்பாலன்று. யாருடைய கதையில் அவன் நிற்கிறான் என்பதால். டோர்னெகோவின் இரு வடிவங்களும் இதற்குச் சான்று. மூன்றாவது, பெருமிதத்தைத் தறுகணோடு நிறுத்தாத தமிழ்க் கோட்பாடு, இக்கால விளையாட்டுகளைத் திறனாயவும் உதவும் கருவியாகிறது.

‘டிராகன் குவெஸ்ட்’ மூன்றாம் பகுதியில் (1988) குழுவிலிருக்கும் ஒரு வணிகனை வெற்றுநிலத்தில் விட்டுச்செல்லும் கட்டம் ஒன்று உண்டு. நாயகன் திரும்பி வரும்போதெல்லாம் அங்கு ஊர் வளர்ந்திருக்கும். இறுதியில் அவ்வூர் மக்களே அவ்வணிகனைச் சிறையிடுவர். ஊரை உருவாக்கும் ஆற்றலும் உழைப்பவரை வருத்தும் பிழையும் ஒருவனிடமே அமைந்த இப்படிமம், கோழை என்றோ வீரன் என்றோ பெயரிட இடம் தருவதில்லை. செட்டிநாட்டு ஊர்களின் வரலாற்றையும் காப்பிய வணிகரையும் மாணவர்க்கு அறிமுகம் செய்வோர் இத்தகைய படிமங்களிலிருந்து தொடங்கலாம். வணிகன் எதற்கு அஞ்சினான், அவ்வச்சத்தின் சுமையை யார் தாங்கினர் என்னும் இரு வினாக்களை இலக்கியத்திடமும் விளையாட்டிடமும் ஒருங்கே கேட்பதே இவ்வாய்வு பரிந்துரைக்கும் வாசிப்பு முறை.