எண்ணுதலும் எண்ணப்படுதலும்

மொழிபெயர்ப்பாளன் ஒரு சொல்லைத் தெரிந்தெடுக்கும்போது ஒரு பொருளைக் கைக்கொள்கிறான், பிறிதொன்றைக் கைவிடுகிறான். விவிலியக் கிரேக்கத்தில் வழங்கும் ‘லொகிசொமாய்’ என்னும் வினைச்சொல் தமிழிற் பெற்ற வடிவங்களை நோக்குமிடத்து இவ்வுண்மை நன்கு புலப்படும்.

இவ்வினை ‘லொகொஸ்’ என்னும் பெயர்ச்சொல்லோடு உறவுடையது. சொல், நியாயம் ஆகிய பொருள்களோடு கணக்கு என்னும் பொருளையும் அப்பெயர் தரும். வினையும் அவ்வாறே, வணிகன் ஒருவர் பெயரில் வரவு பற்று வைத்தலையும், சிந்திப்பவன் ஆராய்ந்து முடிவு காண்டலையும் ஒருங்கே சுட்டுகிறது. இவ்விரட்டைப் பொருள் எமக்குப் புதியதன்று. திருக்குறளின் கல்வி அதிகாரத்தில் ‘எண்’ கணக்கைக் குறிக்கிறது. தெரிந்துசெயல்வகையில் ‘எண்ணுதல்’ ஆராய்தலைக் குறிக்கிறது. அறபிலே ‘ஹஸப’ எனின் கணக்கிட்டான்; உயிரொன்று திரிந்து ‘ஹஸிப’ எனின் கருதினான். மறுமையின் ‘கேள்வி கணக்கு’ என எம்மவர் அஞ்சிக் கூறும் ‘ஹிஸாப்’ இவ்வேரினின்றே பிறந்தது.

ஆதியாகமம் 15ஆம் அதிகாரம் இங்கு சிந்தனைக்குரியது. பிள்ளையில்லாத ஆபிராமை வெளியே அழைத்த இறைவன், விண்மீன்களை எண்ணுமாறு கூறி, அவனது சந்ததியும் அவ்வாறே பெருகும் என வாக்களிக்கிறான். ஆபிராம் நம்புகிறான்; அந்நம்பிக்கை அவனுக்கு நீதியாகக் கொள்ளப்படுகிறது. எழுபதின்மர் செய்த கிரேக்க மொழிபெயர்ப்பு விண்மீன்களுக்கு ‘அரித்மெயோ’ என்னும் வினையையும், நம்பிக்கைக்கு ‘லொகிசொமாய்’ என்பதையும் ஆள்கிறது. எபிரேய மூலத்திலும் வினைகள் வெவ்வேறே. ஆனால் ஹென்றி பவர் முதலியோர் திருத்தி 1871இல் முழுமையாக வெளியிட்ட தமிழ் வேதாகமத்தில் ஈரிடத்தும் ‘எண்ணு’ என்னும் ஒரே வினை நிற்கிறது. விண்மீன்களை எண்ணி முடிக்க இயலாதவனின் நம்பிக்கையை இறைவன் எண்ணுகிறான்! இவ்வியைபு மூலத்தில் இல்லை; தமிழ் தானே ஈந்தது. எனினும் மூலத்தின் கருத்துக்கு இது மாறானதன்று.

இவ்வசனத்தை அடிப்படையாகக் கொண்டே பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தை அமைக்கிறார். அங்கு இவ்வினை 11 தடவை வருகிறது. வேலை செய்தவனுக்குரிய கூலி கொடையன்று, கடன் என்கிறார் அவர். அவ்வாறு கூலிக்கணக்கின் மொழியிலே தொடங்கி, உழைப்பைக் காட்டி உரிமை கோராதவன் பெயரிலும் வரவு வைக்கப்படுகிறது என அக்கணக்கையே தலைகீழாக்குகிறார். கணக்கின் ஓசை வாசகன் செவியில் விழாவிடின் இவ்வாதத்தின் வலிமை குன்றிவிடும். நிந்தவூர்க் கடையொன்றில் அரிசி வாங்குபவர், “கணக்கில எழுதி வையுங்க” என்றால், கடைக்காரர் மனத்தில் நினைத்துக்கொள்வதோடு காரியம் முடிந்துவிடாது. கொப்பியில் ஏறிய எழுத்து இருவரையும் கட்டுப்படுத்தும். கிரேக்க வினையிலும் அத்தகைய உறுதி உண்டு.

இந்நோக்கில், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ‘கருதினார்’ என்றமை எமக்கு நிறைவு தரவில்லை. அது இன்றைய வாசகனுக்கு எளிதிற் புரியும் என்பது மெய்யே. ஆயின் கருதுதல் உள்ளத்தோடு நின்றுவிடக்கூடும். இன்று கருதியவர் நாளை வேறாகவும் கருதலாம். விண்மீன்களோடு ஏற்பட்ட இயைபும் அதனால் அறுந்துபோகிறது.

பழைய மொழிபெயர்ப்பும் குறையற்றதன்று. கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தில், அன்பின் இயல்பை உரைக்குமிடத்து, பவுல் இதே வினையைத் தீமையோடு சேர்த்து எதிர்மறையில் ஆள்கிறார். அங்கு பவர் குழுவினர் ‘நினையாது’ எனப் பெயர்த்தனர். பிறருக்குத் தீங்கு செய்ய நினையாமை நற்குணமே. ஆனால் தனக்குப் பிறர் செய்த தீங்கைக் கணக்கு வைத்துக்கொள்ளாமை அதனினும் அரியது. கணக்கு மறைந்ததும் மன்னிப்பு என்னும் கருத்தும் உடன் மறைந்துவிட்டது.

ஆகவே ‘எண்ணு’ என்பதே இவ்வினைக்குத் தமிழில் மிக நெருங்கிய சொல் என்பது எமது துணிபு. ஆயினும் பேச்சுவழக்கில் அச்சொல் நினைத்தற் பொருளையே பெரிதும் சார்ந்துவரும் இக்காலத்தில், கொரிந்தியர் நிருபம் போன்ற இடங்களில் ‘கணக்கு’ என்றே வெளிப்படையாகக் கூறுதல் நன்று. வேதமொழிபெயர்ப்பில் எளிமை வேண்டற்பாலதே. ஆனால் கொப்பியில் எழுதப்பட்டதற்கும் மனத்தில் நினைக்கப்பட்டதற்கும் உள்ள வேறுபாட்டை அவ்வெளிமைக்கு விலையாகக் கொடுத்தல் ஆகாது.