இசைமுரசை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

ஒரு புலவரைப் புதிதாகப் பயிலப் புகும் மாணவருக்கு எந்தப் பகுதியை முதலில் கொடுப்பது என்று ஆசிரியர்கள் எண்ணிப் பார்ப்பதுண்டு. சீறாப்புராணத்தைக் கடவுள் வாழ்த்திலிருந்தே தொடங்குவதா, தேர்ந்த படலம் ஒன்றைக் காட்டி ஆர்வத்தை எழுப்புவதா என்பது நெடுநாளைய கேள்வி. ஆனால், ஒரு பாடகரைப் புதிதாகக் கேட்கப் புகுவோர்க்கு எந்தத் தொகுப்பை முதலில் கொடுப்பது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதேயில்லை. கடையில் கிடைத்ததை வாங்குகிறோம்; கைப்பேசியில் வந்ததைக் கேட்கிறோம்; அத்தோடு அமைதியடைந்து விடுகிறோம்.

இசைமுரசு நாகூர் இ.எம். ஹனீபா அவர்கள் 2015 ஏப்ரல் 8 ஆம் நாள் சென்னையில் மறைந்தார்கள். அன்னாரை மேடையில் கண்டு கேட்ட தலைமுறைக்குத் தொகுப்பு எதுவும் தேவையில்லை. நினைவே அவர்களுக்குத் தொகுப்பு. ஆனால், அதற்குப் பின் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தொகுப்பில் உள்ளவர்தாம் ஹனீபா. தொகுப்பு குறையுடையதாயின், அவர்கள் அறியும் ஹனீபாவும் குறையுடையவரே ஆவார். ஆகவே இதனைச் சிறு செய்தியென ஒதுக்குதல் கூடாது.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அங்கிருந்து கடலோரமாக வடக்கே கோவளம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். கோவளத்துத் தமீம் அன்சாரி தர்காவுக்கு இவ்வழியே செல்லும் குடும்பங்களின் வண்டிகளில் ஹனீபாவின் பாடல்கள் ஒலிப்பது வழக்கம். நூறு பாடல்களுக்கு மேல் அடைத்த குறுந்தகடோ, பென் டிரைவோ அதில் இருக்கும். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள், "எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறதே, வாப்பா!" என்று பின்னிருக்கையில் ஒரு குரல் எழுந்தால், அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. குறை பாடலிலும் இல்லை, பிள்ளையின் செவியிலும் இல்லை. ஐம்பதாண்டுப் பாடல்களை ஆண்டு தெரியாமல், வகை தெரியாமல், எழுதியவர் பெயர் தெரியாமல் குவித்து வைத்தால் எந்தச் செவியும் சலிக்கும்.

நல்ல தொகுப்பு எப்படி அமைய வேண்டும் என்பதற்கு அந்தப் பாதையிலேயே ஒரு சான்று இருக்கிறது. மாமல்லபுரம் பல்லவர் கலைக்கு அமைந்த ஒரு தொகுப்பு என்றே சொல்லலாம். பாறையைக் குடைந்த மண்டபங்கள், ஒரே கல்லில் செதுக்கிய இரதங்கள், கல்லின்மேல் கல் அடுக்கிக் கட்டிய கடற்கரைக் கோயில் ஆகிய மூவகையும் அங்கே நடந்து செல்லும் தொலைவுக்குள் இருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் தொடங்கி எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சிற்பியின் கை எப்படி மாறியது என்பதை ஒரே நாளில் கண்டு வரலாம். கடற்கரைக் கோயிலை மட்டும் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறவர் மாமல்லபுரத்தைக் கண்டவர் ஆகார். முதல் தொகுப்பு என்பதற்கும் இதுவே இலக்கணம்: அளவால் சிறியது, வகையால் முழுமையானது, வளர்ச்சியைக் காட்டுவது.

ஆனால் இசைத் தொகுப்புகள் பெரும்பாலும் இவ்விலக்கணப்படி அமைவதில்லை. அவற்றைத் தொகுப்பது இசையறிவு எனினும், எல்லை வகுப்பது உரிமையே. ஒலிப்பதிவு எந்த நிறுவனத்திடம் இருக்கிறதோ, அந்நிறுவனம் தன்னிடம் உள்ளவற்றை மட்டுமே தொகுத்துச் 'சிறந்தவை' என்று மேலட்டையில் அச்சிடும்.

இந்நிலை உலகெங்கும் உள்ளதே. ஜாஸ் இசையின் பெரும்பாடகிகளில் ஒருவரான அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி பில்லி ஹாலிடே (1915–1959) தம் முதல் ஒலிப்பதிவை 1933 இல் செய்தார். கறுப்பின மக்களை வெள்ளையர் கும்பல்கள் மரங்களில் தூக்கிலிட்ட கொடுமையைப் பாடும் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' என்னும் பாடலை 1939 இல் பதிவு செய்ய விரும்பியபோது, அவர் சார்ந்திருந்த கொலம்பியா நிறுவனம் மறுத்துவிட்டது. கொமடோர் என்ற சிறு நிறுவனமே அதனை வெளியிட்டது. நாற்பதுகளில் அவர் டெக்கா நிறுவனத்திற்குப் பாடினார். ஐம்பதுகளில் நார்மன் கிரான்ஸ் என்பாரின் நிறுவனங்களுக்குப் பாடினார். 1958 இல் உடைந்த குரலோடு மீண்டும் கொலம்பியாவுக்கே பாடினார். கொலம்பியாவின் முப்பதுகளின் பதிவுகளை மட்டும் வாங்குகிறவருக்கு இளமைக் குரல் கிடைக்கும். அவர் பெயரை வரலாற்றில் நிறுத்திய பாடல் கிடைக்காது. எனவேதான் அவரை முதலில் கேட்க விரும்புவோர்க்கு, எந்த நிறுவனத்தின் எந்தக் காலத்துப் பதிவு என்று பார்த்து வாங்குமாறு அறிந்தோர் சொல்கின்றனர்.

நம் இசைமுரசின் நிலையும் இதனை ஒத்ததே. அவர் குரல் பயின்ற களங்கள் பல. இறைவனையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களையும் போற்றும் பாடல்கள் ஒருபுறம். தொழுகை, நோன்பு, ஈகை, பெண்மக்களின் ஒழுக்கம் என இல்லங்களுக்கு அறிவுரை கூறும் பாடல்கள் ஒருபுறம். நாகூர் ஆண்டகை முதலான இறைநேசர்களைப் பற்றிய பாடல்கள் ஒருபுறம். திராவிட இயக்க மேடைகளில் முழங்கிய பாடல்கள் மற்றொருபுறம். இவற்றோடு திரைப்படமும் சேரும். 1955 இல் வெளிவந்த 'குலேபகாவலி'யில் அவர் குரல் ஒலித்தது. 1961 இல் 'பாவ மன்னிப்பு' படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் இணைந்து பாடினார். 1992 இல் 'செம்பருத்தி'யில் இளையராஜாவின் இசையிலும் அக்குரல் கேட்டது. இவையனைத்தும் ஒருங்கே அமைந்த தொகுப்பைக் காண்பது அரிது. பக்தித் தொகுப்பில் மேடைப்பாடல் இராது. கட்சித் தொகுப்பில் பக்திப்பாடல் இராது. திரைப்பாடலோ படத்தின் பெயரோடு வேறிடத்தில் கிடக்கும்.

விடுபடுவதற்கு உரிமைச் சிக்கலேயன்றி வேறொரு காரணமும் உண்டு. தர்காப் பாடல்களைத் தம் இல்லத்தில் ஒலிக்க விரும்பாத குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அவற்றையே உயிராகக் கருதும் குடும்பங்களும் இருக்கின்றன. அக்கருத்து வேறுபாட்டைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. ஆயினும், தொகுப்பாளர் இதில் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் வற்புறுத்துவோம். தர்காப் பாடல்களை நீக்கினால், நீக்கியிருக்கிறோம் என்று அட்டையில் குறிப்பிடட்டும். சேர்த்தால், அவற்றைத் தனிப் பகுதியாக இறுதியில் வைக்கட்டும். கேட்பதும் விடுப்பதும் இல்லத்தாரின் உரிமை. சொல்லாமல் நீக்குவது வரலாற்றை மறைப்பதாகும்.

அடுத்து, ஒலிப்பதிவின் தன்மை. பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட பாடலே அடங்கும். அக்குறுகிய அளவுக்குள் பல்லவியும் சரணங்களும் முடிந்தாக வேண்டும். எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் நிற்கும் ஹனீபாவின் கணீர்க் குரலுக்கு இச்சுருக்கம் நன்கு பொருந்தியது. நீண்ட இசைத்தட்டும் ஒலிநாடாவும் வந்தபின் பாடல்களுக்கு இடம் பெருகியது, இடையிசையும் பெருகியது. பிற்காலத்தில் மின்னணு விசைப்பலகையின் துணையுடன் மறுபதிவான பாடல்களும், பிறர் குரலில் அவரைப் போலவே பாடப்பட்ட பாடல்களும் அவர் படம் தாங்கி விற்கப்படுகின்றன. முதல் தொகுப்பில் இவற்றிற்கு இடமளித்தல் ஆகாது. முதற் பதிவையே தேடி வாங்குதல் வேண்டும். இரைச்சல் சற்று இருப்பினும், ஒவ்வொரு சொல்லும் முத்துப்போல் தனித்து விழுவதை அங்கேதான் கேட்கலாம். அரபுச் சொல்லை அதன் ஒலியோடும், தமிழ்ச் சொல்லை அதன் ழகர ளகரத்தோடும் ஒரே மூச்சில் உரைக்கும் அந்நாவன்மை, இசைக்கருவிகளின் ஆரவாரத்தில் மறைந்துவிடலாகாது.

இனி, நம்மை மிகவும் வருத்தும் குறைக்கு வருவோம். பாடலை எழுதியவர் பெயர் தொகுப்புகளில் காணப்படுவதில்லை. புலவர் ஆபிதீன், கவிஞர் நாகூர் சலீம் போன்றோர் இசைமுரசுக்காகப் பாடல்கள் யாத்தளித்தவர்கள். இவர்கள் பெயரை அறியாமலே இவர்கள் வரிகளை மனப்பாடமாகச் சொல்லும் இல்லங்கள் எத்தனை! முன்னர்க் குறிப்பிட்ட ஹாலிடேயின் பாடலுக்கும் இவ்வாறே நேர்ந்தது. அதனை எழுதி இசையும் அமைத்தவர் ஏபல் மீரபோல் என்ற பள்ளி ஆசிரியர். ஹாலிடேயின் தன்வரலாறு 1956 இல் வெளிவந்தபோது, இசையமைப்பில் தமக்கும் பங்குண்டு என்னும் தோற்றத்தை அது தந்தது. பாடகரின் புகழ் பெருகப் பெருக, எழுதியவர் பெயர் தேய்வது கலையுலகின் கொடிய வழக்கம். தமிழ் முஸ்லிம் இலக்கியத்தின் ஒரு பெரும்பகுதி அச்சில் இராமல் இசைத்தட்டில் இருக்கிறது. பெயர் அச்சிடாத ஒவ்வொரு தொகுப்பும் அவ்விலக்கியத்தின் ஆசிரியர்களை ஒவ்வொருவராக மறக்கச் செய்கிறது.

எனவே, நாம் பரிந்துரைக்கும் முதல் தொகுப்பு இவ்வாறு அமையும். பன்னிரண்டு பாடல்கள் போதும். செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் சேரும் நேரத்தில் கேட்டு முடிக்கலாம். இறைவணக்கமும் நபி புகழும் நான்கு. அறிவுரைப் பாடல்கள் மூன்று. மேடைப் பாடல்கள் இரண்டு. திரைப் பாடல் ஒன்று. பிற்காலக் குரலைக் காட்டுவதற்கு இரண்டு. முடிந்தவரை கால வரிசையில் அடுக்குக. ஒவ்வொன்றின் கீழும் எழுதியவர், இசையமைத்தவர், ஆண்டு ஆகியன பொறிக்குக. கடையில் இத்தகைய தொகுப்பு கிடைக்கவில்லையெனில், வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டு நாமே தொகுத்துக் கொள்ளலாம். அதற்கு ஒரு தாளும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.

'இறைவனிடம் கையேந்துங்கள்' என்னும் பாடலை எங்கே வைப்பது என்று வாசகர்கள் கேட்பர். அதனை முதலில் வைப்பதே பலர் வழக்கம். நாம் அதனை இறுதியில் வைப்போம். மதவேறுபாடு பாராமல் தமிழர் பலரும் விரும்பிக் கேட்கும் அப்பாடலைப் பிள்ளைகள் ஏற்கெனவே எங்கேனும் கேட்டிருப்பார்கள். கேட்டுப் பழகியதால் அதனைக் கவனித்திருக்க மாட்டார்கள். பதினொரு பாடல்களின் வழியே அக்குரலின் இளமையையும் வேகத்தையும் முதிர்ச்சியையும் அறிந்தபின் அதனை மீண்டும் கேட்கும்போது, முன்பு கேட்ட பாடலா இது என்று அவர்களே வியந்து கேட்பார்கள்.