வரிச்சலுகையும் எங்கட பத்திரிகைகளும்

2016இன் கடைசி மாதங்களில் ஜி.எஸ்.பி. பிளஸ் பற்றி வெளிவந்த தமிழ்ப் பத்திரிகைக் கட்டுரைகள் சிலவற்றை அண்மையில் மீண்டும் வாசித்தேன். 2010 ஆகஸ்டில் இலங்கை இழந்த ஐரோப்பிய வரிச்சலுகை அது. 2017 மே மாதம் திரும்பக் கிடைத்தது. ஆடைக்கு மட்டுமல்ல, மீனுக்கும் உரியது. நான் வாசித்தவற்றில் மீனுமில்லை, மன்னாருமில்லை. சலுகைக்காக முஸ்லிம் விவாகச் சட்டத்தில் கைவைக்கிறார்கள் என்பதே பேச்சு. எருக்கலம்பிட்டியில் கடல்தொழில் செய்யும் காக்கா ஒருவர் அப்போது கேட்டார்: "தம்பி, இது மீன் கதையா, நிக்காஹ் கதையா?"

பதில் சொல்லவேண்டியவர்கள் பத்திரிகையாளர்கள். நிபந்தனை 27 சர்வதேச உடன்படிக்கைகளைப் பற்றியது. பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் சமவாயமும் அவற்றுள் ஒன்று. இலங்கை அதனை 1981இலேயே ஏற்றுவிட்டது. சட்டத் திருத்தத்தை ஆராய நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைந்தது 2009இல், சலுகை பறிபோக முன்னரே. திருத்தக் கோரிக்கை ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வரவில்லை. காதி நீதிமன்ற வாசலில் எங்கட பெண்கள் பட்ட பாட்டிலிருந்து வந்தது.

சந்தேகித்தது பிழையல்ல. 2016இல் அமைச்சரவை உபகுழு நியமிக்கப்பட்ட நேரம் அதற்கு இடம் தந்ததுதான். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்க்காமல் எழுதியதே பிழை. அதனால் வர்த்தக விவாதத்தில் மீனவர் காணாமற் போனார். சட்ட விவாதத்தில், முறையிட்ட பெண் அந்நியரின் கையாளானாள். காக்காவின் கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது.